வாத்துக் கொலையும் பூசணம் சாரும்

சோற்றில் பூசணம் பூத்தால் நீங்களும் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் கொட்டுவோம். அதைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, "வாடா ராஜா" என்று வரவேற்ற மனிதர் செங்கல்பட்டு ஜில்லாவில், ஏன், உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீசில் இருந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் தலைகால் புரியாத பெருமை.

எழுபதுகளில் செங்கல்பட்டில் பயிர் நோய் பார்க்கும் சின்ன ஆபீஸ் அது. நான் டைப்பிஸ்ட், அவர் ஆராய்ச்சி உதவியாளர். பியூன் முதல் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் 'பூசணம் சார்'தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே நினைவிருந்ததோ என்னவோ.

மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில் ஊர் ஊராகப் பூசணம் வளர்ப்பார். கடப்பாக்கத்து மண்ணில் எடுத்தது கறுப்பு, நெம்மேலிச் சோளத்தில் வந்தது ரோஜா நிறம், படாளத்து வேர்க்கடலையில் பூத்தது மஞ்சள் கலந்த பச்சை. "நெம்மேலியான் இன்னிக்கு டல்லா கீறான்பா" என்று நிஜமாகவே கவலைப்படுவார். முகத்தைப் பார்த்து யாரையும் எடைபோடக் கூடாது என்பது அவர் கட்சி. "இந்த ரெண்டு பச்சையும் பாக்க ஒரே மாதிரி கீதா? ஒருத்தன் பரம சாது. இன்னொருத்தன் விஷம் கக்குவான்" என்பார். பெருக்க வந்த அம்மாள் ஒருமுறை ஒரு தட்டைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டார். சார் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. துக்கம் நடந்த வீடு மாதிரி நானும் மெதுவாகவே டைப் அடித்தேன்.

ஆபீசோடு மகாபலிபுரம் உல்லாசப் பயணம் போனோம். வந்தவர்கள் எல்லாம் கல் யானையைப் பார்க்க, இவர் கடலை வண்டியைப் பார்த்தார். ஒவ்வொரு கடலையாக மோந்து, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கித் தனியே வைத்தார்.

"யோவ், வாங்கப் போறியா, மோந்துகினே நிக்கப் போறியா?" என்றான் கடலைக்காரன்.

"கெட்டதெல்லாம் எனக்குக் குடு நைனா. நல்லதை நீ வித்துக்கோ."

கடலைக்காரன் எங்களைப் பார்த்து, தன் நெற்றிப்பொட்டருகே விரலைச் சுழற்றிக் காட்டினான். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம்.

அப்படித் தலையாட்டிய எங்கள் வாயை அடைத்தது படாளத்து வாத்து விவகாரம்.

படாளத்தில் கன்னியப்பன் அண்ணன், மாணிக்கம் தம்பி. பாகம் பிரித்து நடுவில் வேலி போட்டுக்கொண்டாலும் கடலை நிலம் மட்டும் பொது. அண்ணன் கோழி வளர்த்தார், தம்பி வாத்து வளர்த்தார். திடீரென்று தம்பியின் வாத்துக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அண்ணனின் கோழிகளோ ஜம்மென்று மேய்ந்தன. இரண்டு வீட்டிலும் தீனி ஒரே கடலைப் பிண்ணாக்குதான். அப்புறம் என்ன? வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் விஷம் வந்தது என்று மாணிக்கம் முடிவுகட்டிவிட்டார். அம்மன் கோயிலில் கன்னியப்பன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது பஞ்சாயத்து.

"தூக்கி வளத்தவன் மேலயே சந்தேகமா? சத்தியம் பண்றேன். அதோட அவன் எனக்குத் தம்பி இல்ல" என்றார் கன்னியப்பன்.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் இதை டீக்கடையில் சொன்னாரோ இல்லையோ, பூசணம் சார் பாதி டீயை வைத்துவிட்டுப் படாளம் பஸ் ஏறினார். பிண்ணாக்குத் துண்டோடு திரும்பி வந்து, தன் அறைக்குள் என்னென்னவோ செய்தார். சத்தியம் செய்யக் குறித்த வெள்ளிக்கிழமை காலை என் தலையில் ஒரு விளக்குப் பெட்டியை ஏற்றி, இன்னொரு பெட்டியைத் தான் தூக்கிக்கொண்டு அங்கே போய் இறங்கினார்.

கோயில் வாசலில் தட்டில் சூடம் தயாராக இருந்தது.

"யாரும் கொளுத்தாதீங்க! கரண்ட்டு எங்க கீது?" என்று கத்தினார் சார்.

கரண்ட்டு இருந்தது கிணற்று மோட்டார் அறையில். பஞ்சாயத்து மொத்தத்தையும் அதற்குள் அடைத்து, ஜன்னலைக் கோணியால் மூடி இருட்டாக்கினார். ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்துக்கொண்டு நின்றோம். பிண்ணாக்குச் சாற்றைச் சொட்டு வைத்த கண்ணாடித் தகட்டை ஊதா விளக்கின் கீழே நீட்டினார். அதில் நீலமாக ஒரு பொட்டு ஜொலித்தது.

"இதான் விஷம். யாரும் கலக்கல. பிண்ணாக்குலயே கீது. பூசணம் கக்குற விஷம்தான் இந்த விளக்குல இப்படி நீலமா மின்னும்."

"அப்போ அண்ணன் வூட்டுக் கோழி மட்டும் எப்படி சார் பொழச்சிது?" என்றார் மாணிக்கம்.

"கோழி ஓரளவு தாங்கும் நைனா. வாத்துக் குஞ்சு தாங்காது, ஈரல் சட்டுனு போயிடும். சரி, கடலை உடைக்க சொல்லோ இன்னா பண்ணீங்க?"

"எல்லாரும் பண்றதுதான். தோலு லேசா உடையணும்னு தண்ணி தெளிச்சு ஊற வெச்சோம்" என்றார் மாணிக்கம்.

"அப்புறம் காய வெச்சீங்களா?"

"இல்ல சார், ஈரத்தோடயே குமிச்சோம். நல்லதை வியாபாரி எடுத்துகினாரு. சொத்தையெல்லாம் செக்குக்குப் போச்சு, அந்தப் பிண்ணாக்குதான் இது."

"தண்ணி தெளிச்சது யாரு?"

மாணிக்கம் அண்ணனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான்தான்" என்றார். "அப்போ எல்லாத்தையும் கொன்னது நானா சார்?"

பூசணம் சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யாரு சொன்னது? மண்ணுல கீறவன் கடலையில ஏறிட்டான். நீ தெரியாம அவனுக்குத் தண்ணி காட்டிட்டே, அவ்ளோதான். இனிமே காஞ்சதா உடை. இந்தப் பிண்ணாக்கைக் கோழிக்கும் போடாத, மாட்டுக்கும் போடாத. மொத்தமா கொளுத்து."

மாணிக்கம் அண்ணன் காலில் விழப் போனார். கன்னியப்பன் பாதியிலேயே பிடித்துத் தூக்கி, "வூட்டுக்கு வாடா, சோறு துன்னலாம்" என்றார். வெளியே வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சார் மட்டும் பக்கத்தில் கடலை குமித்த இடத்தில் குந்தி, மிச்சமிருந்த கெட்ட கடலையைச் சந்தோஷமாகப் பொறுக்கித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் உட்கார்ந்தவுடன் தூங்கிப்போனார். கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "இன்னா சார் பொட்டி இது, இந்த நாத்தம் நாறுது? தூக்கி மேல போடு" என்றார்.

நான் போடவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் தூக்கிப்போட்ட இடத்திலெல்லாம், அவர் பெட்டி அலுங்காமல் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன்.