மாமாவின் அறையில் படுத்திருந்த போத்தல்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தயாபரன் மாமாவுக்கு,

நீங்கள் உங்கள் அக்காவைவிட ஒரு போத்தலை நன்றாக வைத்துப் பார்த்தீர்கள். இதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்க முடியும் என்று பட்டது. நானும் அம்மாவும் சுகம். பாரிஸில் நீங்களும் மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா விளக்கேற்றும்போது கேட்கிறார். நான் விளக்கேற்றுவதில்லை, ஆனாலும் எனக்கும் அதே விருப்பம்தான்.

நீங்கள் விற்கச் சொன்ன இந்த மாடி வீட்டைப் பார்க்க நேற்று ஆள் வந்தார். விற்பனை குழம்பிவிட்டது. தரகர் நபீஸ் நானா உங்களுக்கு ஒரு கதை சொல்லுவார், நான் உள்ளதைச் சொல்கிறேன். வருகிறவர் லண்டனில் இருந்தவர், ருசி தெரிந்தவர், உங்கள் அறைக் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பொர்தோ சிவப்பு வைனைத் திறந்து கொடுத்தால் மனுசன் மடங்கிவிடுவார் என்று குரல்பதிவு அனுப்பியிருந்தீர்கள். அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வீடு விலைப்பட்டால் தான் எங்கே போவது என்பதை அதில் எங்காவது சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். போத்தலை எப்படித் திறப்பது என்பது மட்டும்தான் இருந்தது.

அந்த அறையைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும். நீங்கள் இந்த வீட்டை வாங்கிய வருடம் வந்து நின்று, போகும்போது போத்தலைப் படுக்கவைத்து, "அக்கா, இது வெக்கை தாங்காது, பகலில ஏசியைப் போட்டு அறையைப் பூட்டி வை" என்றீர்கள். ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பீர்கள். அம்மாவுக்குத் தம்பி சொன்னால் அது சட்டம். சித்திரை மாதத்து ஞாயிறு மத்தியானங்களில் கடல்காற்றும் செத்துப்போய் நாங்கள் இருவரும் ஹோலில் பாயை விரித்துக் கிடக்க, பூட்டிய கதவுக்குப் பின்னால் போத்தல் குளிரில் படுத்திருக்கும். கதவின் அடி இடுக்கால் வரும் காற்றுக்கு நேரே தலையணையைப் போடுவதில் எனக்கும் அம்மாவுக்கும் போட்டி. நான் வேலை செய்யும் ஒருகொடவத்தை கொண்டெய்னர் யாட்டிலும், அப்பிள் வந்த கொண்டெய்னருக்குக் கரண்ட் கொடுத்துக் குளிரவைத்துவிட்டு அதன் நிழலில் வியர்த்துக்கொண்டுதான் நாங்கள் சோறு தின்கிறோம். வேலையிலும் வீட்டிலும் ஒரே நீதி. நாடு கடனில் படுத்த வருடம் மணிக்கணக்காகக் கரண்ட் நின்றபோது அம்மா நான் கட்டிய பழைய சாரமொன்றை நனைத்துப் போத்தலைச் சுற்றினார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றித் துணி மாற்றுவதுபோல அதை மாற்றிக்கொண்டே இருந்தார். ஈரத்தில் லேபல் கழன்று சாரத்தோடு வந்துவிட்டது. பயந்துபோய், சோற்றைப் பிசைந்து பசையாக்கித் திரும்ப ஒட்டினார். சற்றுச் சரிவாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு மனவருத்தமாக இருக்கும் என்று இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னபடியே முதல்நாள் போத்தலை நிமிர்த்தி மண்டியை அடிக்கு இறக்கினேன். தக்கையில் பாதி வெளியே வந்தது, மீதி உள்ளே உதிர்ந்தது. தேத்தண்ணி வடியைக் கழுவி, சர்பத் கரைக்கிற கண்ணாடி ஜக்குக்குள் வடித்தேன். போத்தல் கழுத்துக்குக் கீழே அம்மா கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கறுப்பு வருது, நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். இவ்வளவு மரியாதையோடு நாங்கள் எந்தத் திரவத்தையும் ஊற்றியதில்லை.

வந்தவர் பெயர் சுந்தரலிங்கம். நபீஸ் நானா கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "எனக்கு ப்ளேன்டீ தாங்க மகன். நீங்க உங்கட மருந்தக் குடிங்க" என்றார். சுந்தரலிங்கம் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐஸ் இல்லையோ தம்பி?"

"போடக் கூடாதெண்டு மாமா சொன்னவர்."

"மாமா பாரிஸில. நாங்கள் வெள்ளவத்தையில. ஸ்பிறைட் கிடந்தாக் கொஞ்சம் விடும்."

விட்டேன். குடித்துவிட்டு, "பழசாப்போன நெல்லிக் கிறஷ் சர்பத் மாதிரி" என்றார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "எத்தினை பேர் இருக்கிறியள்?"

"நானும் அம்மாவும்."

"நல்லது. லேசா எழுப்பி அனுப்பலாம்."

அம்மா பக்கத்தில்தான் நின்றார், மாமா. யார் இங்கே வந்து இருக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை. சும்மா வாங்கிப் பூட்டிப் போடத்தான்" என்றார். எங்கள் மாடியிலேயே பாதிக் கதவுகள் அப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன. பாரிஸும் லண்டனும் ரொறன்ரோவும் இங்கே பூட்டுகளாகத் தொங்குகின்றன. கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குள் ஆறேழு பேர் திரும்பிப் படுக்க இடமில்லாமல் கிடக்கிறார்கள். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நபீஸ் நானா வெறும் போத்தலைக் கையில் எடுத்து உருட்டினார்.

"இந்த லேபல் கையால ஒட்டினா மாதிரி ஈக்கே."

சுந்தரலிங்கம் நகத்தால் சுரண்டினார். கடதாசி உரிந்து வந்தது. பின்னால் காய்ந்துபோன ஒரு சோற்றுப் பருக்கை. மனிதர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போத்தலிலயே இப்பிடியெண்டால், வீட்டு உறுதிப் பத்திரம் எப்பிடியோ?"

அம்மா ஒட்டியது என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை. அம்மா வாயைத் திறந்தார். அடுப்பில் ஏதோ கருகுது எனச் சொல்லி அவரைக் குசினிக்கு அனுப்பினேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் இரண்டு பேரும் படியிறங்கிவிட்டார்கள்.

ஜக்கில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கோபத்தில் ஊற்றிக் குடித்தேன். முதலில் நனைந்த சாக்கும் பழைய அலுமாரியும் மணத்தன. இதற்காகவா இவ்வளவும் என்று கிளாஸைத் தள்ளிவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது அது வேறாக இருந்தது. பென்சில் சீவும்போது வருகிற வாசம், அதற்குப் பின்னால் காய்ந்த புகையிலை, அதற்கும் பின்னால் வெயிலில் வாடிய ஏதோ பழம். ஓரத்தில் செங்கல் நிறம். சாயத் தேத்தண்ணியின் துவர்ப்புத்தான், ஆனால் சண்டை பிடித்து ஓய்ந்துவிட்ட துவர்ப்பு. விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. நல்லாக இருந்தது, மாமா. ருசி கூடாமல் இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நல்லாக இருந்தபடியால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது.

அம்மா வந்து, "அது என்ன ருசியடா?" என்றார். இவ்வளவு காலம் காவல் இருந்தவர் வாயில் வைத்ததில்லை. சில்வர் டம்ளரில் கொஞ்சம் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே நெடுநேரம் நின்றார்.

"உன்ர மாமான்ர அறை மணக்குது" என்றார். பிறகு டம்ளரைக் கழுவி வைத்தார்.

இருட்டில், ஒரே இடத்தில், யாரும் அசைக்காமல் கிடந்தால்தான் இது இப்படி வரும் என்று உங்கள் குரல்பதிவில் விளக்கியிருந்தீர்கள். போத்தலைக் கொண்டுவந்த அதே வருடம்தான் அம்மாவையும் கொட்டாஞ்சேனை வாடகை அறையிலிருந்து கூட்டிவந்து இங்கே வைத்தீர்கள். இரண்டும் ஒரே காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. ஒன்றை எடுக்கும்போது மட்டும் ஆடாமல் எடுக்கச் சொன்னீர்கள்.

ஆகவே விற்பனை நின்றுபோனதில் எனக்குத் துக்கம் இல்லை. இன்னோர் ஆளை அனுப்பினால் அவருக்கும் சோற்றுப் பருக்கையைக் காட்டுவேன். அம்மா இங்கேதான் இருப்பார். இன்றைக்கு அந்த அறையைத் திறந்து ஏசியைப் போட்டு அவரைப் படுக்கச் சொல்லப்போகிறேன்.

மாமிக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்குக் கடவுள் நல்ல படிப்பைக் கொடுக்கட்டும். குளிருக்குக் கவனமாக இருங்கள்.

இப்படிக்கு,
மருமகன் கிஷாந்த்

பி.கு.: இதைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவதற்கு முன்னால் அம்மா நபீஸ் நானாவுக்குப் போன் எடுத்துவிட்டார். நனைத்த சாரத்தையும் சோற்றுப் பசையையும் ஒன்றும் விடாமல் சொல்லி, உறுதியின் பிரதியையும் கொடுத்தனுப்பிவிட்டார். "என்ர தம்பியை ஒருத்தன் கள்ளன் எண்டு நினைக்க நான் விடமாட்டன்" என்று என்னிடம் சொன்னார். சுந்தரலிங்கத்துக்குத் திருப்தியாம். மாத முடிவில் வீடு வெறுமையாக வேண்டுமாம். நான் மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடுங்கள். அம்மா உங்கள் இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "நான் எங்க போறது, தம்பி?" அவர் கேட்கப்போவது அது ஒன்றுதான். மணி போய்க்கொண்டே இருக்கிறது. எடுங்கள், மாமா.