ஊற விடும் நேரம்

இனிமேல் காபிக்காக இந்த வீட்டில் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். என் மனைவி ஜெயம் இரண்டாவது டம்ளர் தர மறுத்த சாயங்காலம் அது.

திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை எனக்கு. இரும்பை கிராமத்துப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொந்த நாடு திரும்பும்போது, அவருடைய போர்வெல் மோட்டாரைப் பலமுறை உயிர்ப்பித்ததற்காக ஒரு காபி மிஷினைத் தந்துவிட்டுப் போனார். கைப்பிடியை இழுத்தால் சுடுதண்ணீர் பொடியில் இறங்கும். அப்படியே பிடித்துக்கொண்டு பொடியை ஊற விட வேண்டும். கையை எடுத்தால் ஸ்பிரிங் தள்ளிக் காபி வரும். "அவசரப்படாதே. ஊறினால் தானாக இறங்கும்" என்றார். போர் தண்ணீர் ஆகாது, நகராட்சித் தண்ணீர்தான் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஜெயத்திடம் பெருமையாக ஒப்பித்தேன்.

"குடத்துல இருக்கறது நான் புடிச்ச தண்ணி" என்றாள்.

நகராட்சித் தண்ணீர் விடியற்காலை நாலேமுக்காலுக்கு வரும். பதினாறு வருடமாக அவள்தான் பிடிக்கிறாள். தோள் வலி என்பாள். நாளெல்லாம் தண்ணீர் மோட்டாரோடு மாரடிக்கிறவன் நான் என்று சொல்லிவிட்டு ஏழு மணிவரை தூங்குவேன்.

மறுநாள் விடியற்காலை ரோஷத்தில் நானே எழுந்தேன்.

"எழுந்ததுதான் எழுந்துட்டீங்க. பத்துக் குடத்தையும் ரொப்பிடுங்க."

"எனக்கு ஒரு சொம்பு போதும்."

"ஒரு சொம்புக்கா குழாயைத் தொறந்தீங்க? தெருவே சிரிக்கும்."

ரொப்பினேன். பிறகு மிஷின். ஐந்து எண்ணும்வரை ஊற விட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுநாள் பத்து. அதற்கு மறுநாள் இருபது. தார் போல ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. மிஷினின் திருகாணியைத் திருகித் தண்ணீரின் வேகத்தைக் கூட்டினேன். ஓரமாகச் சீறி என் பனியனுக்குக் காபி கொடுத்தது.

"இன்னாங்க, புளியா ஊறப்போட்டுக்கினு நிக்கிறீங்க?"

"இது டெக்னிக். உனக்குப் புரியாது."

"ஆமா. எனக்குத் தெரிஞ்சது ஃபில்டருதான். அது பாட்டுக்கு எறங்கிக்கினு இருக்கு."

முந்நூறு போர் மோட்டாரைப் பேச வைத்தவன் நான். ஒரு டம்ளர் காபியிடம் தோற்பதா? இருபது நாள் எழுந்தேன். இருநூறு குடம்.

இருபத்தோராம் நாள், பொடியைக் கொஞ்சம் பருபருவென்று அரைத்து வாங்கலாம் என்று காபிப்பொடிக் கடை சவுரிராயனிடம் போனேன். அவன் சிரித்தான்.

"அரைப்புல ஒண்ணுமில்லண்ணே. சிக்கரி. ஊறுனா பசையா அடைச்சிக்கும், அந்த மிஷின்ல எறங்காது. மொத வாரமே அண்ணிகிட்ட சொன்னேனே."

"அவ இன்னா சொன்னா?"

"அப்பிடியான்னாங்க. வழக்கமா நூத்துக்கு இருவது பங்கு போடற சிக்கரியை நாப்பதா போடச் சொல்லி வாங்கிக்கினு போனாங்க."

சிக்கரி இல்லாத பொடியோடு வீட்டுக்கு வந்தேன். பத்து எண்ணினேன். கையை எடுத்தேன். தேன் போல இறங்கியது. ஜெயம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டு நாள் குடிச்சிட்டு, மூணாம் நாள் ஏழு மணிவரைக்கும் தூங்கியிருப்பீங்க. வராததாலதான் எழுந்தீங்க."

"நாளைக்குத் தூங்கறேன் பாரு."

"தூங்குங்க." என் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "இருவது நாள் ஊற வுட்டிருக்கேன். இனிமே தானா எறங்குவீங்க."

அன்று படுக்கும்போது அலாரத்தை அணைத்து வைத்தேன்.

நாலேமுக்காலுக்குக் குழாயில் காற்று சீறியபோது, குடத்தோடு அதன் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.