கலஹாவுக்கு ஏறிய வெள்ளைக்கொடி பஸ்

என் அப்பாவை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர் பத்தொன்பது வருடம் உயிரோடிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்றாலும், குற்றம் குற்றம்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன். ஆயுதம் எதுவும் தேவைப்படவில்லை, வாயே போதுமாக இருந்தது.

கண்டி மலைப்பக்கத்தில், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவன் நான். அம்மா என் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் வேலை. நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தங்கை செல்வி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். (அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதை இதுவரை எந்தச் சபையிலும் நான் ஒப்புக்கொண்டதில்லை.) எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், லயத்துக் கோடியில் நின்று மலையைப் பார்த்தபடி மண்ணரிப்பைப் பற்றி அப்பாவுக்கு விளக்குவேன். அந்த மலையில் முப்பது வருடம் வழுக்கி விழுந்தவர், பாவம், பொறுமையாகத் தலையாட்டுவார்.

அந்தத் தலைக்கனம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆண்டிறுதிப் பரீட்சையின் நேரசூசியை அறிவித்தல் பலகையில் ஒட்டியதும் எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். முண்டியடிப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்து, பின்னால் நின்று, பத்துப் பதினைந்து தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டேன். புவியியல் இரண்டாம் தாளுக்கு ஒரு வரி கீழே இருந்த நேரத்தை எழுதியிருக்கிறேன். காலை ஒன்பது மணிப் பரீட்சைக்கு, எண்ணெய் வைத்துப் படிய வாரி, மூன்று பேனாக்களோடு பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தை ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு தாள் எழுதாவிட்டால் வருடமே போனது. நான் ஒரு வருடம் கூடப் படித்தால் செல்வியும் ஒரு வருடம் கூடக் கூடை சுமக்க வேண்டும். மறுபடி எழுத அனுமதி கிடைக்க இரண்டே வழிகள்தான் இருப்பதாகச் சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்: ஒன்று கடும் வியாதி, மற்றது வீட்டில் சாவு. வியாதி என்றால் டாக்டர் உடனே தொட்டுப் பார்ப்பார். சாவுக்குப் பத்திரம் பிறகு கொடுத்தால் போதுமாம். அந்தப் பத்திரத்துக்கு எங்கே போவேன் என்று யோசிக்கும் அளவுக்கு என் மூளை அன்று வேலை செய்யவில்லை. அம்மாவைச் சொல்ல முடியாது, அவர் இறந்தது விண்ணப்பப் படிவத்திலேயே இருந்தது. மிச்சமிருந்தது அப்பா மட்டும்தான்.

எங்கள் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் ஹனீபா சேர், அக்குறணைக்காரர். நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

"ஏன் மகன் காலைல பேப்பருக்கு வரல்ல?" என்றார்.

"அப்பா செத்துப்போயிட்டாரு சேர்."

ஒரு துண்டில் ஏதாவது எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தக் கவலையோட இஞ்ச நின்டு என்ன செய்றீங்க? மையத்து வீட்டுக்குச் சுணங்கப்படாது. வாங்க, நாங்க எல்லாரும் இப்பவே போவோம்."

இங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. எங்கள் ஆட்கள் என்றால் சாவு கேட்டு, ஊருக்குச் சொல்லி, மறுநாள்தான் கூடுவார்கள். சேரின் ஊரில் காலையில் மௌத்தானவரை மாலைக்குள் அடக்கிவிடுவார்கள், ஆகவே சாவு என்றதும் அவருக்குக் கால் தரையில் நிற்காது. களப்பயணத்துக்குப் போகும் பஸ் ஒரு மணி நேரத்தில் விடுதி வாசலில் வந்து நின்றது. காலையில் பரீட்சை எழுதிக் களைத்த நாற்பது பேர் வெள்ளை உடுப்போடு ஏறினார்கள். கேகாலைப் பையன்கள் இரண்டு பேர் தங்கள் படுக்கை விரிப்பைக் கிழித்து, சாவுக்கு அடையாளமாகப் பஸ்ஸின் முன்னாலும் ஜன்னல்களிலும் வெள்ளைக்கொடி கட்டினார்கள். அவ்வளவு நல்ல பிள்ளைகள். ஒரு ஆளாவது கெட்டவனாக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் என் அறைத்தோழன் சிவநேசன் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். யாழ்ப்பாணத்தான், சொன்ன சொல் மாறாதவன். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், யாராவது தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார்கள். கடைசியில் தாங்க முடியாமல் சிவநேசனின் காதில் சொல்லிவிட்டேன்.

"மச்சான், அப்பா சாகல."

அவன் என் கையை இன்னும் இறுக்கினான். "ஓம். அப்பிடித்தான் இருக்கும். என்ர அண்ணர் போனநேரம் நானும் நம்பேல்லை."

"இல்லடா, நெசமாவே உயிரோட இருக்காரு."

"இருப்பார் மச்சான். எங்கட மனசுக்குள்ள எப்பவும் இருப்பார்."

நான் அழுதேன். அன்று நான் செய்த ஒரே நேர்மையான காரியம் அந்த அழுகைதான். என்னைப் பார்த்துப் பின்வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகளும் அழுதார்கள்.

அடுத்து நடந்ததை நான் சிரித்துக்கொண்டு சொல்லப் பழகிக்கொண்டேன், ஆனால் அது சிரிப்பில்லை. கொடி கட்டிய வண்டி தோட்டத்துக்குள் வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: வெளியே செத்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பஸ்ஸின் நெற்றியிலோ பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அந்தத் தோட்டத்திலிருந்து அங்கே போனவன் ஒருவன்தான்.

கொழுந்து நிறுக்கும் நேரம். கொட்டகையிலிருந்து யாரோ கையைக் காட்டிக் கத்துவது தெரிந்தது. பஸ் தொழிற்சாலை வளைவில் மெதுவானபோது, உடம்பெல்லாம் தேயிலைத் தூளோடு ஒரு மனிதர் வெறுங்காலோடு ஓடிவந்து முன்னால் விழுந்து மறித்தார். கதவைத் திறந்ததும் ஏறினார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து, இருக்கைகளுக்கு நடுவில் தரையைப் பார்த்துப் பெட்டியைத் தேடினார்.

"எம்புள்ளைய எங்கய்யா வச்சிருக்கீங்க? எறக்குங்க. நானே தூக்கிக்கிறேன்."

ஹனீபா சேர் அவரை அணைத்துப் பிடித்தார். "ஆறுதலா இரிங்க. நீங்க எங்கட மாணவனுக்கு என்ன முறை?"

"நான் அவன் அப்பன் சாமி."

சிவநேசன் என் கையை விட்டான். நான் எழுந்து நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தும் நம்பாமல் வந்து, என் கன்னம், காது, கழுத்து என்று தடவினார். என் சட்டையெல்லாம் தேயிலைத் தூளானது.

"அப்ப யாருய்யா செத்தது?" என்றார்.

"நீங்கதாம்ப்பா."

என்னை இழுத்துக்கொண்டு பஸ் வாசலுக்குப் போனார். பஸ் படியில் உட்கார்ந்தவர் என் சட்டை நுனியை மட்டும் விடவில்லை. அதற்குள் செல்வி, முதுகுக் கூடையை இறக்காமலே, கொழுந்து சிந்தச் சிந்த ஓடிவந்தாள். நான் நிற்பதைக் கண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நாற்பது பட்டதாரிகள் (எதிர்காலத்து) பார்க்கப் பார்க்கக் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அப்பாதான் முதலில் பேசினார். "வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பப்படாது புள்ள. தேத்தண்ணி போடு."

இழவுக்கு வந்த நாற்பது பேரும், இழவுக்குரியவர் பக்கத்தில் நிற்க, லயத்து வாசலில் நின்று வெல்லத்தைக் கடித்துத் தேநீர் குடித்தார்கள். சிவநேசன் என் பக்கம் வந்து, "நீ பஸ்ஸில சொன்னது உண்மையே?" என்று கேட்டான். ஆமென்று தலையாட்டினேன். தள்ளிப்போய் நின்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏறும் முன் ஹனீபா சேர் சொன்னார்: "நடந்தத நாளைக்கு நீங்களே எழுதித் தாங்க மகன். நான் எழுதினா உங்களுக்கு அது இன்னும் பாரமா இரிக்கும்."

எழுதிக்கொடுத்தேன். வருடம் போனது. செல்வி மேலும் ஒரு வருடம் மலைக்குப் போனாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் வயதும் அவளுக்குத் தாண்டிவிட்டது. அன்று கன்னத்தில் அறைந்ததோடு அவள் இன்னும் இரண்டு கொடுத்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

வீட்டில் இது இன்றுவரை பெரிய பகிடி. சாவுச் செய்தி எதையும் நான் சொல்லி ஏற்றுக்கொள்வதில்லை என்று ஒரு சட்டமே இருக்கிறது. யாரோ காலமாகிவிட்டார் என்று நான் வாயெடுத்தால் போதும், "நீங்க சொல்றீங்களா, இல்ல வேற யாரும் சொன்னாங்களா?" என்பாள் மனைவி. பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். இருந்தவரை அப்பாவும் வாய் பொத்திச் சிரிப்பார்.

கடைசியில் கண்டி ஆஸ்பத்திரியில், ஒரு விடியற்காலையில், நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவர் போனார். நான் முதலில் செல்விக்கு ஃபோன் எடுத்தேன்.

"புள்ள, அப்பா போயிட்டாரு."

"அண்ணே," என்றாள், மெதுவாக. "ஃபோன வேற யார்கிட்டயாவது குடு."

நான் அவளைக் குறை சொல்லவில்லை. கட்டிலருகே நின்ற தாதியிடம் ஃபோனைக் கொடுத்தேன். அவர் தங்கையிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகுதான் செல்வி அழுதாள்.