காற்றுப் பார்த்துப் பேசிய டெலிபோன்

தூத்துக்குடியில் காற்றின் திசை பார்த்து டெலிபோன் பேசிய ஒரே மனிதர் எங்கள் தெரு ஹலோ அண்ணாச்சிதான். இந்தியாவிலேயே என்றும் எழுதலாம். விசாரித்து உறுதி செய்ய வழியில்லாததால் தூத்துக்குடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக, இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே செல்போனுக்கு மாறிய பிறகும் அவர் முன்னறையில் ஒரு சிவப்பு டெலிபோன் இருந்தது. உப்புக்காற்று அதைத் தின்றுவிடும் என்று தினமும் காலை ஆறரைக்குப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். இடி இடித்தால் ஒயரைக் கழற்றி, போனைத் தலையணையில் படுக்கவைப்பார். சனிக்கிழமை, சுருள் ஒயருக்குச் சிக்கெடுக்கும் நாள். ரிசீவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவார். அது கிறுகிறுவென்று சுற்றி ஓயும்வரை கைகட்டி நிற்பார். நான் ஒருமுறை அந்த நேரத்தில் உள்ளே போய்விட்டேன்.

"ஏலே, அங்கனயே நில்லு! மூச்சு விடாத. அதுக்குத் தலை சுத்துதுல்லா!"

சரியாக ஏழு மணிக்குப் பெரியதாழையில் தனியாக இருக்கும் அக்காவுக்குப் பேசுவார். அதற்கு முன் வாசலுக்கு வந்து, விரலை நனைத்து உயர்த்திக் காற்றுப் பார்ப்பார். பெரியதாழை எங்களுக்குத் தெற்கே. வடக்கிலிருந்து வாடை வீசினால், "மெதுவா சொன்னாலே போயிரும்" என்பார். தென்மேற்கிலிருந்து கச்சான் எதிர்த்து அடித்தால் கத்துவார். காக்கைகள் கம்பியை விட்டுப் பறந்துவிடும்.

"அண்ணாச்சி, சத்தம் ஒயருக்குள்ளல்லா போவுது?" என்று கேட்டேன்.

"ஒயரு எங்கன தொங்குது? காத்துலதான?"



பிறகு ஒரு மார்கழிக் காலை. கொடியில் என் வேட்டி தெற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியோ உள்ளே, "கச்சான் பேயா அடிக்குதுக்கா! அதான் கத்துதேன்!" என்று அலறிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வாடைல்லா?"

தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "அக்காவுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாப் போவுதுலே. அவளுக்கே தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போவா. காத்து மேல பழியப் போட்டு ஓட்டுதேன்."

அதன்பின் எல்லாக் காலமும் கச்சான் காலமாயிற்று. நானும் வாடையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

போன வருஷம் ஒரு நாள் எவ்வளவு கத்தியும் அக்கா, "ஆரு? ஆரு?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அன்று முழுவதும் போனைப் பிரித்துத் துடைத்தார். மறுநாள் லைன்மேன் வந்தார்.

"லைன் கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஒரு குறையும் இல்ல."

"நல்லாப் பாரும்வே! எங்கனயாவது துரு இருக்கும்!"

போன் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கியதை அன்றுதான் பார்த்தேன். லைன்மேன் போனதும் மறுபடி பெரியதாழைக்குப் போட்டார். அக்காவின் குரல் ரிசீவரைத் தாண்டி என்வரை கேட்டது.

"தம்பியாலே? ஒண்ணும் கேக்கலைய்யா. அங்கன காத்து ரொம்ப மோசம் போல. அடங்கட்டும், பொறவு பேசு."

அண்ணாச்சி ரிசீவரை வைத்தார். "இது அடங்காதுலே" என்றார். அந்த வாரமே வீட்டைப் பூட்டிவிட்டுப் பெரியதாழைக்குப் போய்விட்டார்.

ஏழு மணிக்குத் தெரு இப்போது அமைதியாக இருக்கிறது. எத்தனையோ நாள் நான் சபித்த சத்தம் அது. இன்றும் அந்த நேரத்தில் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு மதியம் அண்ணாச்சி, அக்கா வீட்டு டெலிபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல்.

"அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. ஒண்ணுமே கேக்கலை!"

"மெதுவாலே! அக்கா இப்பந்தான் கண்ணசந்தா. முழிச்சிரப் போறா."

நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.