சைரன் அண்ணையின் குடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைரன் அண்ணை போய்ப் பார்க்காத கோயில்கள் நிறைய உண்டு. போய்ப் பார்க்காத கக்கூஸ் ஒன்றுகூட இல்லை. கரவெட்டியில் எந்த வளவில் வாளி எப்போதும் நிறைந்திருக்கும், கீரிமலைக்குப் போகிற வழியில் எந்த வீட்டு நாய் குரைத்தாலும் கடிக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கலியாண வீட்டில் மாப்பிள்ளை யாரென்று கேட்குமுன் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்பார். ஊரெல்லாம் அவரை அண்ணை என்றது. நான் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சாவகச்சேரியில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் அவர் தலைமை லிகிதர். நான் புதிதாகச் சேர்ந்த தட்டெழுத்தாளர். அவருக்கு நெடுங்காலமாகக் குடலில் அழற்சி. உள்ளே புண்ணாகி, இரத்தமும் சளியுமாக வயிற்றால் போகும். மருந்துக்கு அடங்கும், பிறகு மறுபடி கிளம்பும். குடலுக்கென்று தனி நரம்பு வலை ஒன்று உண்டு, மூளையைக் கேளாமலே அது பாதி வேலையைப் பார்த்துவிடும், மனம் பதறினால் அதுவும் பதறும் என்று டொக்டர் அவருக்கு விளக்கியிருக்கிறார். “பதகளிப்பாலைதான் வருத்தம் வந்ததெண்டு நான் சொல்லேல்லை. ஆனா எரியிற அடுப்புக்கு அது ஊதிக் குடுக்கும்” என்றாராம்.

இதிலிருந்து சைரன் அண்ணை படித்த பாடம் வேறு. தன் வயிற்றுக்குள் தன்னைவிட மூத்த உத்தியோகத்தர் ஒருவர் குந்தியிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார். ‘உள்ளுக்கை இருக்கிறவர்’ என்றுதான் மரியாதையாகச் சொல்லுவார். கோப்பில் கையெழுத்து வைக்குமுன் வயிற்றில் கையை வைத்துச் சற்று யோசிப்பார். உள்ளுக்கை இருக்கிறவருக்குச் சம்மதமில்லை என்று அவர் திருப்பிய கோப்பை முகாமையாளராலும் அசைக்க முடியாது.

நான் சேருமுன்பே, பொம்மர் விமானம் வந்து குண்டு போடத் தொடங்கியபோது, அலுவலகத்துக்கும் பதுங்க ஒரு பங்கர் வெட்டியிருந்தார்கள். அதைக் கக்கூசுக்குப் பக்கத்தில்தான் வெட்டவேண்டுமென்று அண்ணை ஒற்றைக் காலில் நின்றார். இரண்டுக்கும் ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம் என்பது அவர் வாதம். நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும். பிறகுதான் அதிசயம் தெரிந்தது. வானத்து இரைச்சல் மற்றவர்கள் காதில் விழுமுன் அவருடைய குடலில் விழுந்துவிடும். பேனையை மூடிவிட்டு எழும்புவார், சற்றைக்கெல்லாம் பொம்மர் வரும். அதன் பிறகு அவர் எழும்பினால் அலுவலகமே எழும்பியது. சைரன் என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். பக்கத்துத் தையல்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவருவார். எல்லாருக்கும் முன்னால் முகாமையாளர் ஓடுவார்.

நான் சேர்ந்த பிறகு சைரன் பிழையாக ஊதத் தொடங்கியது. அவர் எழும்புவார், நாங்கள் பங்கருக்குள் பாய்வோம், மேலே காகம் மட்டும் பறக்கும். ஒருமுறை முகாமையாளர் படியில் சறுக்கி முழங்காலை உரசிக்கொண்டார். உடனே விசாரணை. தட்டெழுத்துப் பிள்ளை கடதாசியோடு அண்ணையின் மேசைக்குப் போகும்போதுதான் இந்தக் கூத்து நடக்கிறதென்று கணக்காளர் கண்டுபிடித்துச் சொன்னார். என் மேசையைச் சாமான் அறைக்கு மாற்ற உத்தரவாயிற்று. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் முகத்தைக் கண்டு ஊரே பங்கருக்குள் பாய்ந்தால் எந்தப் பெண்தான் தாங்குவாள்? அதிலும் வேலையொன்றும் இல்லாமலே நான் அந்த மேசைப் பக்கம் போன நாட்களும் உண்டு.

அந்தக் கிழமையே உண்மையான பொம்மர் வந்தது. நாங்கள் பங்கருக்குள். அவர் மட்டும் வேலிக்கு அப்பால், கக்கூசுக்குள். எங்கோ ஒரு குண்டு விழுந்து தரை அதிர்ந்தது. அது அடங்கியதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய குரல் வந்தது.

“மிஸ், நான் சொல்லுறது கேக்குதோ?”

ஓம் என்றேன்.

“உங்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. உள்ளுக்கை இருக்கிறவருக்குத்தான் பொம்மருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியேல்லை. என்ரை குடல் வருத்தம் முழுக்க மாறாதாம். ஒருத்தியைக் கட்டி ஏன் வருத்துவான் எண்டுதான் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்தனான்.”

முகாமையாளர் தேவாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். அடுத்த குண்டு எங்கள்மேல் விழுந்தால் இந்த மனிதர் பதில் கேளாமலே போய்விடுவாரே என்று எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயம் முதலில் வந்தது வயிற்றில்தான்.

“முதலிலை வெளியிலை வாங்கோ. பிறகு கதைப்பம்.”

“வரலாம். வாளியிலை தண்ணி முடிஞ்சுது.”

பொம்மர் போனதும் முகாமையாளரே கிணற்றில் அள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

எங்கள் கலியாணத்துக்கு நாள் பார்த்தவர் சாத்திரியார். இடம் பார்த்தவர் மாப்பிள்ளை. எதைப் பார்த்து இடம் பிடித்தார் என்று சொல்லத் தேவையில்லை. தாலி கட்டும் நேரத்தில் அவர் மணவறையை விட்டு எழும்பினார். அலுவலகக்காரர் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் பங்கர் தேடி ஓடினார்கள். அவர்களையும் தேடிப் பிடித்துக் கூட்டிவந்த பிறகுதான் கெட்டிமேளம் கொட்டியது.

வருத்தம் மாறவில்லை. மருந்து கிடையாத மாதங்களில் நாங்கள் இருவரும் பட்டபாடு கொஞ்சமல்ல. ஆனால் ஒருநாள் நான் தேத்தண்ணி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தபோது மனிதர் அசையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால், அப்படிப் பல நாளாகவே இருந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏனோ மனம் சுருங்கிவிட்டது.

“இஞ்சாருங்கோ, இப்ப என்னைக் கண்டா உள்ளுக்கை இருக்கிறவருக்கு ஒண்டும் செய்யிறேல்லையோ?”

கோப்பில் கையெழுத்து வைக்கப்போகிறவர்போல வயிற்றில் கையை வைத்துச் சற்று யோசித்தார்.

“அவர் இப்ப உம்மைத் தன்ரை ஆள் எண்டு எடுத்திட்டார்.”

எனக்குக் கலியாணம் நடந்தது அன்றைக்குத்தான்.