புகைக் கணக்கில் என் பங்கு

பாசமிகு மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய நான் என் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். நாங்கள் இருவரும் நலம். நீங்களும், எனக்குத் தங்கச்சி முறையான உங்கள் மனைவியும், பிள்ளைகளும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம், இதை வேறு யாரும் எழுதித் தரவில்லை. வரி மேலே ஏறி இறங்கினால் அது மேசையின் குற்றம்.

மச்சான், ஜெயித்துவிட்டோம்! நம் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம், விமான நிலையத்தில், பழுது பார்த்த விமானத்தை நிறுத்திவைத்து இன்ஜினை மட்டும் முடுக்கிப் பார்க்கிறார்களே, அந்த மேடை இனி அங்கே இருக்காது. அதன் புகையால் உங்கள் தங்கை இருமி இருமித் துரும்பாகிவிட்டாள், சமையலறை ஜன்னலைத் திறந்து எவ்வளவு காலமாகிறது என்று எங்களுக்கே மறந்துவிட்டது, வெள்ளைச் சட்டையைக் காயப் போட்டால் சாம்பல் சட்டையாகத்தான் எடுக்க வேண்டும். தெருவே திரண்டு போய் மேடையை மாற்றுங்கள் என்று கேட்டோம். விமான நிலையத்து அதிகாரி தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "காத்து உங்க பக்கம் வீசறதே இல்லீங்க, உங்க அடுப்புப் புகையா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போதுதான் நம் மாடியில் குடியிருக்கும் பெண் இதில் இறங்கினாள். கல்லூரியில் காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், தெருவில் அவளுக்குப் 'புகைக்கணக்கு' என்றே பெயர். எந்த விமானம், என்ன இன்ஜின், எவ்வளவு நேரம் ஓடியது, காற்று எந்தத் திசையில் எந்த வேகத்தில் அடித்தது என்று அத்தனையையும் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால், அது வானத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி, எந்தப் பெட்டியில் எவ்வளவு புகை நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. அந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, நிஜப் புகையை அளக்கும் கருவி ஒன்றை நம் மொட்டை மாடியில் கொண்டுவந்து வைத்தாள். கணக்கும் கருவியும் ஒரே பேச்சுப் பேசினால் மேடையை மாற்றுவதாக அதிகாரியும் தலையாட்டினார்.

ஒரே பேச்சுத்தான் பேசின, மச்சான், காலையில் ஒத்துப்போனது, மாலையில் ஒத்துப்போனது, மழை நாளில்கூட ஒத்துப்போனது, ஆனால் மத்தியானம் மெக்கானிக்குகள் எல்லோரும் சாப்பிடப் போய், ஒரு இன்ஜினும் ஓடாத நேரத்தில், கம்ப்யூட்டர் 'புகையே இல்லை' என்கிறது, மாடிக் கருவியோ தீப்பிடித்த மாதிரி அலறுகிறது. அதிகாரிக்குக் கொண்டாட்டம். "இன்ஜினே ஓடாதப்போ புகை வருதுன்னா, ஓடறப்போ வர்ற புகை மட்டும் எங்களோடதா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் பாவம், எரிபொருள் வண்டியைச் சேர்த்துப் பார்த்தாள், பயணிகள் பேருந்தைச் சேர்த்துப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரைப் பின்னோக்கி ஓட்டினாள். அதாவது புகை வந்து சேர்ந்த இடத்தைச் சொல்லி, எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டாள். அது நம் மொட்டை மாடியையே காட்டியது.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போகாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் தங்கை கண்ணயர்ந்ததும் நான் வழக்கம்போல மாடி ஏறி, ஒரு மூலையில் உட்கார்ந்து, கொண்டுபோனதைப் பற்றவைத்தேன்.

"ஐயா! என்ன பண்றீங்க?"

"குளிர் காயறேம்மா."

"இந்த வெயில்லயா?"

அதற்கு மேல் மறைக்க முடியுமா? உண்மையைச் சொன்னேன். முதியோர் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், எழுதிப் பழகுகிறேன், என் எழுத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, உங்கள் தங்கை பார்த்தால் சாகும்வரை சொல்லிச் சொல்லிக் காட்டுவாள், அதனால் எழுதிய தாளை அன்றன்றே கொளுத்திவிடுகிறேன் என்றேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களாலயா ஐயா நான் ராத்தூக்கம் இல்லாம கிடந்தேன்!"

"இனிமே கொளுத்தல தாயி."

"ஐயையோ, நிறுத்திடாதீங்க! இன்னும் கொஞ்சம் எழுதிக் கொளுத்துங்க. கருவி என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

என் எழுத்தை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை, வாங்கியது கொளுத்துவதற்கு என்றாலும். இப்போது அவளுடைய கம்ப்யூட்டரில் புகை விடுகிறவர்களின் வரிசையில் விமானம், எரிபொருள் வண்டி, பேருந்து, அதற்கு அடுத்தபடியாக நான். விமானத்தோடு ஒரே வரிசையில் நிற்கும் பாக்கியம் நம் குடும்பத்தில் வேறு யாருக்குக் கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்! என்னைச் சேர்த்ததும் கணக்கும் கருவியும் கண்ணாடியும் பிம்பமும் போல ஒத்துப்போய்விட்டன. நான் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் மத்தியானப் புகையே இல்லை என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள்.

மேடையை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் நேற்று நடந்தது. புகைக்கணக்கு தன் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள், புகை மிகுந்த இடமெல்லாம் அதில் சிவப்பு. என்னை எடுத்துவிட்டாலும் நம் தெரு ரத்தச் சிவப்பாகத்தான் இருந்தது. அதிகாரி விடுவாரா?

"கணக்கு உதைக்குதுன்னதும் ஒரு பெரியவரைப் பிடிச்சாந்துட்டீங்களா? இந்த வயசுல யாருங்க எழுதப் பழகறாங்க?"

பின் வரிசையில் இருந்த உங்கள் தங்கைக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். எழுந்து நின்றுவிட்டாள்.

"அடப்பாவி மனுசா! மாடியில திருட்டு சிகரெட்டுன்னுல்ல நெனச்சேன்! சண்டை போட நல்ல நாள் பாத்துக்கிட்டு இருந்தேனே!"

தலைமை வகித்த அம்மாள் என் கையில் பேனாவைக் கொடுத்துப் பலகையைக் காட்டினார். நான் 'எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும்' என்று எழுத ஆரம்பித்தேன். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது, பிறகு மூச்சை விட்டது, பிறகு கொட்டாவி விட்டது. "பெரியவரே, சாப்பாட்டு நேரம் தாண்டுது" என்று யாரோ குரல் கொடுத்தார். "யாருய்யா அது அவசரப்படுத்தறது? எழுதட்டும்!" என்று உங்கள் தங்கை போட்ட அதட்டலில் ஒலிபெருக்கியே ஒரு தரம் கீச்சிட்டு அடங்கியது. கடைசி எழுத்தை முடித்தபோது விழுந்த கைதட்டலில் பேனா மூடி எங்கே போனதென்று தெரியவில்லை. மேடையை ஓடுபாதைக்கு அந்தக் கோடிக்கு மாற்ற உத்தரவாகிவிட்டது. இன்று காலை சமையலறை ஜன்னலைத் திறந்தோம். துரு ஏறியிருந்ததால் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உங்கள் தங்கை அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், எழுப்பினாலும் எழுந்திருப்பதாக இல்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ ஆசிகள். பதில் எழுதும்போது எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதுங்கள், உங்கள் கையெழுத்து எனக்கு இன்னும் பாடத்தில் வரவில்லை.

இப்படிக்கு,
தானே எழுதிய தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் புகைக்கணக்கு இறங்கி வந்தாள். முகம் சரியில்லை. இதுவரை நம் பக்கத்துக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தாளாம், மேடை போகிற கோடிக்கும் போட்டுப் பார்த்திருக்கிறாள். சிவப்பு விழுந்த தெருவின் பெயரை நானே விரல் வைத்துப் படித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் படித்தேன். மச்சான், அது உங்கள் தெரு. கோபம் வேண்டாம். கருவியை அவள் நாளைக்கே உங்கள் மாடிக்குக் கொண்டுவருகிறாள். மனு எழுதும் பொறுப்பு என்னுடையது, முதல் வரியைத் தொடங்கியும்விட்டேன். நீங்கள் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். துணிமணிகளை நிறையவே எடுத்து வாருங்கள், மனு முடிய நாளாகும்.