ஆமை முட்டை குறித்துச் சம்பந்திக்கு விளக்கம்

அடி அண்ணாமலை,
ஆடி 22, காலை 7.40 மணி.

மதிப்பிற்குரிய போளூர் சம்பந்தி கோதண்டராமன் அவர்களின் சமூகத்துக்கு, பலராமன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் ரேணுகாம்பாளும் முட்டைகள் ஏழும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், ஏழு மாத வயிற்றோடு இருக்கிற என் மகள் சிந்துஜாவும் சுகமாயிருக்க அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். ஆகவே பதிவுத் தபால்.

முட்டை போட்டோவைக் குரூப்பில் போட்டது என் தப்புதான். அதற்காக, "ஆமை புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் உருப்படாது, அந்த வூட்டுக்கு மருமகளைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டோம்"னு வாய்ஸ் மெசேஜ் போடுவதா? நடந்ததைக் கேளுங்கள். வைகாசியில் ஏரி தூர் வார ஜேசிபி வந்தது, ரிட்டையர் ஆன பஸ் டிப்போ டைம் கீப்பருக்கு வேறென்ன வேலை, வேடிக்கை பார்க்கப் போனேன், கரையை ஒரு வாரு வாரினான், மண்ணோடு வெள்ளை வெள்ளையாக முட்டை. "ஆமை முட்டை சார், தூக்கி அந்தாண்ட போடுங்க"ன்னான் டிரைவர். எனக்கு மனசு வரலை. வீட்டுக்கு எடுத்து வந்து வனத்துறைக்குப் போன் போட்டேன். "அங்கயே பத்திரமா வெச்சிருங்க சார், குலுங்கினா போயிடும், பொரிஞ்சதும் கூப்பிடுங்க, ஏரியில வுட்டுடலாம்"னு சொன்னார் அங்கிருந்தவர். அன்றிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஈர மணல், மேல் பக்கம் எதுவென்று தெரிய முட்டைக்கு முட்டை பென்சிலில் புள்ளி, ஏனென்றால் புரண்டால் உள்ளே இருக்கும் உயிர் செத்துவிடும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்து, பெட்டியைப் பார்த்து, "ஐயோ, நாகம் வெச்ச முட்டை!"னு கன்னத்தில் போட்டுக்கொண்டு, காபிக்கு வைத்திருந்த அரை லிட்டர் பாலையும் ஊற்றிவிட்டார்கள். முட்டை அசையாமல் ஸ்பூனால் மணலை மட்டும் மாற்ற மூன்று மணி நேரம் ஆனது. "என் முட்டிக்கு ஒரு நாள் தைலம் தேச்சிருப்பீங்களா?"னு ரேணுகாம்பாள் கேட்டாள். நியாயம்தான், ஆனால் நான் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பழமொழி என்ன சொல்கிறது? புகுந்த வீடு. இந்த ஆமை எங்கே புகுந்தது? முட்டையாக வந்தது, இங்கே பிறக்கப்போகிறது. சிந்துஜாவுக்குத் தங்கள் வீடு புகுந்த வீடு, இது பிறந்த வீடு. இந்த ஏழுக்கும் அப்படியே. பிறந்த வீட்டுக்குத் தோஷம் என்று எந்தப் பழமொழியிலாவது இருந்தால் காட்டுங்கள், பெட்டியோடு ஏரிக்குப் போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும் மனசு விட்டுச் சொல்கிறேன் சம்பந்தி. சிந்துஜா பிறந்தபோது நான் டிப்போவில் உட்கார்ந்து எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் பிள்ளை முகம் பார்த்தேன். அது இன்னும் உறுத்துகிறது. இந்த முறை எதற்கும் லேட்டாக மாட்டேன். முட்டையையும் விடமாட்டேன், மகளையும் விடமாட்டேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் வளையல் அடுக்கி அழைத்துவர வந்து நிற்பேன். கதவைத் திறக்கவும்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு, தங்கள் கோபம் ஆறக் காத்திருக்கும்
பலராமன், டைம் கீப்பர் (ஓய்வு).

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் 9.12க்கு முதல் குஞ்சு, 10.05க்குள் ஏழும் வந்துவிட்டன. கண்ணால் பார்த்தேன், அழுதும் விட்டேன். வனத்துறைக்காரர் வந்து எண்ணினால் ஆறுதான் இருக்கிறது. ஏழாவது பின்வாசல் வழியாக அதுவே வெளியே போய்விட்டிருந்தது. "பார்த்தியா, பிறந்துச்சு, போயிடுச்சு, அவ்ளோதான்"னு ரேணுகாம்பாளிடம் சொல்லி வாய் மூடவில்லை, துளசிச் செடி வரைக்கும் போனது திரும்பியது, கேஸ் சிலிண்டர் உருட்ட நான் பூசி வைத்த சிமெண்டுச் சரிவில் ஏறியது, வீட்டுக்குள் புகுந்தது. மறைக்க மாட்டேன் சம்பந்தி, புகுந்தேவிட்டது. மணி 10.31. ஆனால் வலது காலைத்தான் முதலில் எடுத்து வைத்தது. ரேணுகாம்பாள் சாட்சி.